யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர்

அவரிடம் வழி கேட்கக் கூடாது என்பது கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் எங்கள் ஈழத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஜெர்மன்காரர்கள்தான் கேட்டுவிட்டு, அவர் கைகாட்டிய பக்கம் நம்பிப் போவார்கள்.

ஒருநாள் காலை ரயில் நிலையத்தில் என் கண்முன்னேயே நடந்தது. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த ஒரு வயதான அம்மா, மேடையில் நின்ற அவ்வளவு பேரையும் விட்டுவிட்டு இவரிடம் வந்து, இந்த ரயில் டோர்ட்முண்டுக்குப் போகுமா என்று கேட்டார். இவர் அறிவிப்புப் பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போகும், போகும், ஏறுங்கள் என்று சொல்லி, பெட்டியையும் தானே தூக்கி உள்ளே வைத்தார். வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் பலகையில் டூயிஸ்பூர்க் என்று இருந்ததைக் கண்டார். நேர் எதிர்த் திசை. வேறு யாராக இருந்தாலும், மன்னியுங்கள், பிழையாகச் சொல்லிவிட்டேன், இறங்குங்கள் என்றிருப்பார்கள். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவு மூடுவதற்குள் தானும் தாவி ஏறிக்கொண்டார்.

அவர் வேலைக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது.

"அவாவை இறக்கி விட்டிருக்கலாமே அண்ணை?" என்று கேட்டேன்.

"போகும் எண்டு சொல்லிப்போட்டு, எந்த முகத்தோட போகாது எண்டு சொல்லுறது? அதுதான் கூடவே போய், டூயிஸ்பூர்க்கில மாத்தி ஏத்தி, டோர்ட்முண்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டிட்டு வாறன்."

"அவா ஒண்டும் கேக்கேல்லயோ?"

"கேட்டவ. இது சுத்திப் போற ரயில் எண்டு சொன்னனான்."

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பெயர் போட்டு எழுதிய காகிதங்களால் அவர் பட்டது போதும். மெலிந்த மனிதர். அருங்காட்சியகம் கொடுத்த நீலக் கோட்டு அவருக்குத் தோளில் பெரிது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். யாராவது பக்கத்தில் வந்து தயங்கினால் போதும், கை அவிழ்ந்துவிடும், முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துவிடும். என்னுடைய அப்பாவைவிட சில வயதுதான் குறைவு. முதல் நாள் நான் அங்கிள் என்று கூப்பிட்டேன். "அங்கிள் எண்டா எனக்கு வயது போயிடும். அண்ணை எண்டு கூப்பிடும், பிள்ளை" என்றார். அன்றிலிருந்து அண்ணைதான்.

எங்கள் சனம் கூடுகிற கலியாண மண்டபங்களில் அவருக்குத் தனி மதிப்பு இருந்தது, அரைவாசி கேலியோடு. வருமான வரி, முழங்கால் வலி, பிள்ளைக்கு எந்த இடத்தில் ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி கிடைக்கும், கனடாவில் இப்போது குளிரா, எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருக்கும். என்னுடைய அப்பா சொல்வார்: "முதல்ல அவரிட்டக் கேக்கோணும். மனதுக்குச் சந்தோசமா இருக்கும். பிறகு தெரிஞ்ச ஆக்களிட்டக் கேக்கோணும்." இதை அவர் முன்னாலேயே சொல்வார். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

நான் பிறந்தது ஜெர்மனியில்தான். படித்தது தொல்லியல். கெல்சென்கிர்ச்சனிலிருந்து ரயிலில் போய் வரக்கூடிய ஒரு ஊரின் அருங்காட்சியகத்தில், கண்காட்சிகளுக்கு விளக்கம் எழுதும் வேலை கிடைத்திருந்தது. அவர் அங்கே காவலர். கண்ணாடிப் பெட்டிகளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதும், பெரிய பைகளைக் கீழே வைக்கச் சொல்வதும் அவருடைய வேலை. விளக்கம் சொல்வது காவலர்களின் வேலை இல்லை. அதை ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார்கள். ஓவியங்களும் பழைய நாணயங்களும் இருந்த காலத்தில் அதனால் ஒரு சிக்கலும் வரவில்லை. ஜெர்மன் மன்னர்களைப் பற்றி ஒரு தமிழனிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

பிறகு நெல் வந்தது.

சீனாவில் யாங்சி ஆறு கடலை நெருங்குகிற பள்ளத்தாக்கில், உலோகமே தெரியாத காலத்தில் நெல் விதைத்து ஒரே இடத்தில் குடியிருந்த மக்களைப் பற்றிய கண்காட்சி. சதுப்பு நிலத்தில் மரக்கம்பு நட்டு, அதன்மேல் பலகை போட்டுக் கட்டிய நீண்ட வீடு ஒன்றை அறை நடுவில் அரைவாசி அளவில் எழுப்பியிருந்தோம். சேற்றில் கிடந்து கறுத்துப்போன கம்புகள், அடிப்பிடித்த கரி இன்னும் ஒட்டியிருக்கும் மண்பானை, கருகிய அரிசி, எருமையின் தோள்பட்டை எலும்பில் செய்த மண்வெட்டி, வீட்டு வாசலில் புதைத்திருந்த ஒரு நாயின் எலும்புக்கூடு. இவற்றோடு ஒரு பெரிய பெட்டி நிறைய ஓக் மரத்துக் கொட்டைகள்.

அந்தக் கொட்டைகள்தான் கண்காட்சியின் உயிர். நெல் ஒரே நாளில் சோறாகிவிடவில்லை. காட்டு நெல் முற்றியதும் மணி தானாக உதிர்ந்து சேற்றில் விழுந்துவிடும். உதிராமல் கதிரிலேயே நிற்கிற நெல்லாக அது மாறுவதற்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆயின. அவ்வளவு காலமும் அந்த மக்கள் ஒருபக்கம் விதைத்தார்கள், மறுபக்கம் காட்டில் கொட்டை பொறுக்கினார்கள். குழி தோண்டி அதைச் சேமித்தார்கள், ஊறவைத்துக் கசப்புப் போக்கினார்கள், இடித்துத் தின்றார்கள். நெல் விளையத் தொடங்கியபின் பிறந்தவர்களும் கொட்டை தின்றுதான் வளர்ந்தார்கள். இதையெல்லாம் நான்தான் சுவரில் எழுதினேன். எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சுவரை வாசிக்க யாருக்குப் பொறுமை? அரிசி, எருமை, மண்பானை. பக்கத்தில் ஒரு மாநிற மனிதர், நீலக் கோட்டோடு. சனம் நேரே அவரிடம் போனது.

முதல் வாரமே நான் அதைக் கேட்டேன். ஒரு கணவனும் மனைவியும் எலும்பு மண்வெட்டிக்கு முன்னால் நின்று, இது என்ன என்று கேட்டார்கள். இவர் கையை அவிழ்த்தார். அது சோறு பரிமாறும் அகப்பை என்றார். அவ்வளவு பெரிதாகவா என்று கேட்டார்கள். பெரிய குடும்பம், ஒரே பானை, வீட்டுத் தலைவி ஆளுக்கு ஒரு அகப்பைதான் போடுவாள், அதனால் பெரிதாக இருக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டைக் கம்பின்மேல் ஏன் கட்டினார்கள்? பாம்பு. பானை ஏன் கருகியிருக்கிறது? மருமகள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

 பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் கத்ரின் நின்றிருந்தாள். "உங்கள் ஊரில் அப்படித்தானா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். அதுதான் இன்னும் மோசம். என்னுடைய ஊர் ஜெர்மனியின் இந்த ரூர் பக்கம், எங்கள் வீட்டு அகப்பை தேங்காய்ச் சிரட்டை அளவுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் எங்கள் ஆள். அவர் சொல்கிற ஒவ்வொரு பொய்க்கும் நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவதுபோல ஒரு வெட்கம் அன்றைக்கு என்மேல் ஏறியது. அந்தக் கண்காட்சி முடியும்வரை அது இறங்கவேயில்லை.

பிள்ளைகள் வந்தால் இன்னும் கொண்டாட்டம். நாயின் எலும்புக்கூட்டைக் காட்டி, இது யாருடைய நாய் என்று கேட்பார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெயர் வைத்துச் சொல்வார். அந்த நாய் ஆற்றில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றிய நாள்களும் உண்டு. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். என்னுடைய சுவர் எழுத்தை வாசித்து ஒரு பிள்ளையும் அப்படி நின்றதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு அறையில் ஒருநாள் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, அது அகப்பை இல்லை. மண்வெட்டி. நான் எழுதி வைச்சிருக்கிறன்."

"வாசிச்சனான், பிள்ளை. வடிவா எழுதியிருக்கிறீர்."

"அப்ப ஏன் இப்பிடிச் சொல்லுறியள்?"

"முதல் நாள் வாசிக்க முன்னம் ஒராள் கேட்டிட்டார். அவருக்கு அகப்பை எண்டு சொல்லிப்போட்டன். பிறகு மற்ற ஆளுக்கு மாத்திச் சொல்ல ஏலாதெல்லே."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தொலைந்தேன் என்று அடக்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன். அதுதான் என்னை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது. ஓக் கொட்டைகளை யார் தின்றார்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொல்லிவந்தார்: பன்றி. ஜெர்மன்காரர்கள் உடனே தலையாட்டிவிடுவார்கள். இங்கேயும் ஓக் கொட்டையைப் பன்றிக்குத்தானே போட்டார்கள். ஒரே வார்த்தையில் கண்காட்சி முழுவதையும் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அதைச் சனம்தான் திண்டது, அண்ணை. பன்றி இல்லை. அதுவும் வாசிச்சனியள்தானே?"

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"வாசிச்சனான். அதுகளும் எங்களை மாதிரிச் சனம்தானே, பிள்ளை? பசியில என்னத்தைத் திண்டுதுகள் எண்டு, செத்த பிறகும் கண்ணாடிக்குள்ள வைச்சு ஊருக்குக் காட்டோணுமோ? வாறவை பன்றிச் சாப்பாட்டைத் திண்ட ஆக்கள் எண்டு சிரிச்சுக்கொண்டு போகவோ? நெல்லு விதைச்ச சனம். சோறு திண்டதுகள் எண்டே இருக்கட்டும். எங்களுக்கு என்ன குறையப் போகுது?"

அது வறுமையில் தின்றதாக இருக்க வேண்டியதில்லை, விரும்பியும் தின்றிருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"விருப்பத்தில ஆரும் கசப்பை ஊறப்போட்டுத் தின்னேல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. உலகத்தில் எங்கோ, எப்போதோ செத்துப்போன மக்களின் மானத்தைக் காப்பாற்ற இவர் யார்? "சரி அண்ணை, உங்களிட்டக் கேக்கிற ஆக்களுக்கு, தெரியாது எண்டு சொல்லிவிடுங்கோவன். அதில என்ன வந்திட்டுது?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும்.

அவர் உடனே பதில் சொல்லாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இஞ்ச வந்த புதிசில அகதி விசாரணை வைச்சவங்கள். ஊரில ஆமி உம்மைப் பிடிச்சுக்கொண்டு போன வாகனம் என்ன நிறம் எண்டு கேட்டாங்கள். கண்ணைக் கட்டியெல்லோ கொண்டு போனவங்கள், பிள்ளை? தெரியாது எண்டன். எத்தினை பேர் வந்தவை? தெரியாது. எந்த முகாம்? தெரியாது. உண்மையைத்தான் சொன்னனான். உண்மையைச் சொன்னா நம்புவினம் எண்டு நினைச்சன். மொழிபெயர்க்க வந்தவர் எங்கட ஆள்தான். கடைசியில நான் வாய் திறக்க முன்னமே அவர் ஜெர்மனில தெரியாதுக்கு வைஸ் நிஹ்ட், வைஸ் நிஹ்ட் எண்டு சொல்லத் தொடங்கிட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன. என்ரை கதை நம்பக்கூடிய மாதிரி இல்லையாம். என்னோட அகதி ஹைமில இருந்த பெடியன் ஒருத்தன், நிறம், நம்பர், எல்லாம் அடுக்கிச் சொன்னவன். அவன் சொன்னது உண்மையோ பொய்யோ, நான் அறியேன். அவனுக்கு விசா கிடைச்சிட்டுது. நான் டுல்டுங்கில கிடந்தன். அம்மா செத்ததுக்கும் போக ஏலேல்ல."

டுல்டுங் என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். திருப்பி அனுப்பாமல் இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அரசாங்கம் கொடுக்கிற தாள். அந்தத் தாளைப் புதுப்பித்துப் புதுப்பித்து, வேலை செய்யவும் ஊர் எல்லை தாண்டவும் அனுமதி கேட்டுக் கேட்டு, ஒரு மனிதன் நடுவயதைக் கடந்துவிடலாம். அவர் கடந்திருந்தார். நிரந்தர வதிவிடம் மிகப் பிந்தித்தான் கிடைத்தது. இப்போதுதான், இந்த வேலையைக் காட்டி, குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். நிலையான வேலை வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அவருடைய வேலை ஒப்பந்தமோ அந்தக் கோடையோடு முடிகிறது, நீட்டித்தால்தான் உண்டு.

"அண்டைக்கு முடிவெடுத்தனான், பிள்ளை. செத்தாலும் அந்தச் சொல்லை இனிமேல் சொல்லுறேல்ல எண்டு." எழும்பும்போது சொன்னார்: "உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். வெக்கக்கேடு. தன்ரை கதையே தனக்குத் தெரியாதவன் எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள்."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அகப்பையைப் பற்றி நான் அவரிடம் பேசவில்லை. அவர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

கோடை தொடங்கும்போது, அந்தக் குடியிருப்பைத் தோண்டியெடுத்த தொல்லியலாளர் எங்கள் அழைப்பில் உரையாற்ற வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, சிறிய உருவமான சீனப் பெண்மணி. இளமையில் ஜெர்மனியில் படித்தவர், நிறுத்தி நிதானமாக ஜெர்மன் பேசுவார். மாலையில்தான் நிகழ்ச்சி. அவரோ மத்தியானமே, யாருக்கும் சொல்லாமல், டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். செய்தி தெரிந்து இயக்குநரும் நானும் அவசரமாக ஓடினோம். கொட்டைப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கையை அவிழ்த்தபடி அண்ணை.

அகப்பை, பாம்பு, மருமகள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த அம்மா இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டு, நல்ல மாணவியைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தக் கொட்டைகள்?" என்று கேட்டார்.

"அது பன்றிக்கு, அம்மணி" என்றார் அண்ணை. "மனிதர்கள் சோறு சாப்பிட்டார்கள்."

"அப்படியா?" அந்த அம்மா பெட்டியை மறுபடி ஒருமுறை பார்த்தார். "எனக்கு இது தெரியாது. நன்றி."

அவர் எங்களைக் கண்டதும் இயக்குநர் கைகொடுத்து, பெயர் சொல்லி, வரவேற்புச் சொல்லி, எல்லாம் அண்ணையின் முன்னாலேயே நடந்தது. இவர்தான் அந்த இடத்தைத் தோண்டியவர் என்பது அப்போது அண்ணைக்குப் புரிந்தது. கை மெதுவாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. நான் நிலத்தைப் பார்த்தேன். அந்தப் பலகைத் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாலை உரையில் அந்த மக்களைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரல் இளகியது. முடிவில் யாரோ எழும்பி, நெல் கையில் இருந்தும் ஏன் அவ்வளவு காலம் கசப்புக் கொட்டையை விடவில்லை, ருசி பிடித்திருந்ததா என்று கேட்டார்.

"தெரியவில்லை" என்று சொல்லிச் சிரித்தார் அவர். "இத்தனை வருடமாகத் தோண்டுகிறேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை."

மண்டபம் முழுக்கக் கை தட்டியது. அண்ணை பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போனபோது, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "தெரியாது எண்டு சொல்ல, கை தட்டுறாங்கள்" என்றார். கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு உண்மையாகவே அது ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த வாரம் இயக்குநர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் வரச் சொன்னார், ஏதாவது புரியாமல் போனால் மொழிபெயர்க்க உதவியாக இருக்கும் என்றார். அண்ணை பேசுகிற ஜெர்மனுக்கு மொழிபெயர்ப்பு தேவையே இல்லை என்று சொன்னேன். "இருந்தாலும்" என்றார். இயக்குநர் கெட்டவர் இல்லை. உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். மூலிகைத் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். மேசைக்கு அவர் பக்கத்தில்தான் எனக்கு நாற்காலி போட்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி.

அண்ணை உள்ளே வந்து, இரண்டு பேரையும் பார்த்தார். "ஓ, மொழிபெயர்ப்பும் வந்திருக்கு" என்றார் தமிழில். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய வழக்கமான சிரிப்போடுதான் சொன்னார்.  நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுக்கொள்ளத் தோன்றியது. அப்படியெல்லாம் செய்கிற துணிவு எனக்கு எங்கே?

அகப்பை என்று யார் சொன்னது என்று இயக்குநர் கேட்டார். தானாக யோசித்தது என்றார் அண்ணை. பன்றி? அதுவும்தான். ஒரு ஆசிரியையும் இதைப் பற்றி முன்பே முறையிட்டிருந்தாராம். பிள்ளைகள் வகுப்பில் போய் இதையே சொல்கிறார்களாம்.

"தெரியாது என்று ஏன் சொல்லவில்லை?"

அண்ணை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநர் என்னைப் பார்த்தார். கேள்வி புரியவில்லை என்று நினைத்தார் போலும். காரணம் எனக்குத் தெரியும். இரண்டு வசனம் போதும், அந்த நல்ல மனிதர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். நான் வாயைத் திறந்தேன். எதிரே அண்ணை தலையை லேசாக, மிக லேசாக அசைத்தார். வேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பாருங்கள், உங்களை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது" என்றார் இயக்குநர். "ஒப்பந்தத்தை நீட்டிக்கத்தான் விரும்புகிறோம். ஒரே ஒரு விஷயம். யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது, சுவரில் எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். கஷ்டமா? சரி, இப்போதே பார்ப்போம். நான்தான் பார்வையாளர்." இதை ஒரு விளையாட்டாக்கி, சூழலை இலகுவாக்க நினைத்தார் அவர். "இந்த நீண்ட வீட்டில் எத்தனை பேர் குடியிருந்தார்கள்?"

அண்ணையின் கை அவிழ்ந்தது. முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. வாய் ஒரு எண்ணைச் சொல்லக் குவிந்ததை நான் பார்த்தேன். பிறகு அவருடைய கண் மேசையில் கிடந்த ஒப்பந்தத் தாளுக்குப் போனது. குடியுரிமை அலுவலகத்தில் அவருக்கு அடுத்த சந்திப்பு அந்த மாதக் கடைசியில் இருந்தது. 

"வைஸ் இஹ் நிஹ்ட்" என்றார். சத்தம் வெளியே வரவில்லை. இரண்டாம் முறை சொன்னார். "தெரியாது."

"அற்புதம்!" என்றார் இயக்குநர். மெதுவாகக் கைகூடத் தட்டினார்.

நடைபாதையில் அவரோடு நடந்தேன்.  அவர்தான் பேசினார்.

"அண்டைக்கு உதைச் சொன்னதுக்கு விசா இல்லை எண்டாங்கள். இண்டைக்கு உதைச் சொன்னாத்தான் வேலை எண்டுறாங்கள். ஒரே சொல்லு, பிள்ளை."

"நான் சொல்லியிருக்கலாம், அண்ணை. நீங்கள்தான்..."

"நீர் என்ன செய்வீர்? உம்மட வேலை அது." அந்த மொழிபெயர்ப்பாளரையும் அவர் இப்படித்தான் மன்னித்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு மேல் அவரைப் பார்க்க முடியாமல் என் அறைக்குள் போய்விட்டேன்.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அது என்ன, எதற்கு, யார், எது கேட்டாலும் வைஸ் நிஹ்ட். கை பின்னாலேயே கட்டியிருக்கும். சுவரில் எழுதியிருக்கிறது என்ற இரண்டாம் பாதியை ஒருநாளும் சொல்லவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டவருக்கும் ஒருமுறை அதையே சொன்னார். கோடை விடுமுறைக்கு முன் வந்த கடைசி வகுப்பில் ஒரு சிறுமி நாயைக் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டாள். அண்ணனோ அக்காவோ முன்பு வந்துபோய்ச் சொல்லியிருக்க வேண்டும், பெயர் கிடைக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். வைஸ் நிஹ்ட் என்றார். அவள் ஆசிரியையிடம் ஓடிப்போய், "அந்த மாமாவுக்கு ஒன்றுமே தெரியாதாம்" என்றாள். அறை முழுக்கக் கேட்டது. ஆசிரியை வெட்கப்பட்டாள், கத்ரின் வெட்கப்பட்டாள், நான் வெட்கப்பட்டேன். அவர் மட்டும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குடியுரிமை கிடைத்துவிட்டது என்று பிறகு அப்பா மூலம் கேள்விப்பட்டேன். விருந்து ஒன்றும் வைக்கவில்லையாம். புதுக் கடவுச்சீட்டோடு லண்டனில் தங்கை வீட்டுக்குப் போனவர், அந்தப் பக்கமே தங்கிவிட்டார். மண்டபங்களில் இப்போதும் ஆட்கள் அவரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், சுத்திப் போற ரயில் கதையைச் சொல்லச் சொல்லி என்னைக் கேட்கிறார்கள். நான் அந்தக் கதையை நன்றாகச் சொல்வேன். அதோடு நிறுத்திக்கொள்வேன்.

அதற்கெல்லாம் முன்பு, கண்காட்சியைக் கழற்றிய நாள் மத்தியானம் சாப்பாட்டு அறைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். சாப்பாட்டுப் பெட்டி முன்னால் மூடியபடி இருந்தது. வாரக்கணக்காக நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. எதையாவது கேட்க வேண்டும்போல இருந்தது, பதில் சொல்ல அவருக்குக் கஷ்டமில்லாத ஏதாவது. எங்கள் ஆட்கள் வேறு எதுவும் தோன்றாதபோது கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"சாப்பிட்டியளோ, அண்ணை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரியாது, பிள்ளை" என்றார்.